கான்ட்ராக்டருக்கு போடுற லீடு எங்க அத்தை வீட்டுக்கும் போடுங்க

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல ஒரு வீட்டுக்கு இவ்ளோ ரூபான்னு தொகை போடுற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துலேருந்து எழுதுறேன். ஊர் பேரு வேணாம், ஏன்னா எங்க ஊர்ல வேலை பாக்குறவங்க யாரு மேலயும் புகார் சொல்றதுக்கு இத எழுதல, எங்க வீட்டுக்கு போட்டோ எடுக்க வந்த ஓவர்சியர் சார் நல்ல மனுஷன், மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து எடுத்துட்டு போனாரு. நான் சொல்ல வர்றது தொகைய பத்தி, சாமான் வர்ற தூரத்துக்கு போடுற வண்டி கூலி, அதாவது லீடு, அதுல இல்லாதத பத்தி. அந்த 3.50 லட்சம் எப்படி வந்துச்சு, எங்க போச்சு, எவ்ளோ பத்தல, எதனால பத்தல, இத ஒரு 80 பக்க நோட்டுல நாள் வாரியா எழுதி வச்சிருக்கேன். வீடு கட்டி முடிச்சாச்சு, எனக்குன்னு இனிமே ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல. அடுத்து கட்டப்போறவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

மொதல்ல நன்றி சொல்லிடுறேன், அது சொல்லாம ஆரம்பிச்சா நியாயம் இல்ல. எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, அறுபது வயசுக்கு மேல ஆச்சு, பொறந்ததுலேருந்து கீத்து கொட்டாய்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப கூரை மொத்தமா பறந்து வாய்க்கால்ல கெடந்துச்சு, அத்தை ரெண்டு ஆட்டையும் புடிச்சுக்கிட்டு ஸ்கூல் கட்டடத்துக்கு ஓடுனாங்க. அதுக்கப்புறம் கீத்து மாத்தணும்னா கீத்தே கிடைக்கல, இந்த பக்கம் தென்னை எல்லாம் சாஞ்சு போச்சுல்ல, அதனால தார்ப்பாய போட்டு மேல கல்லு வச்சு அப்படியே ஓட்டுனோம். அந்த அத்தை இந்த ஐப்பசி மழையில கான்கிரீட் தளத்துக்கு கீழ படுத்துக்கிட்டு "மழை சத்தமே கேக்கலடி"ன்னு ராத்திரி எழுந்து உக்காந்துட்டாங்க. 2030க்குள்ள 8 லட்சம் வீடு, குடிசையே இல்லாத தமிழ்நாடுன்னு நீங்க சொல்றீங்கல்ல, அது எவ்ளோ பெரிய காரியம்னு எங்களுக்கு தெரியும். அது பாதியில நின்னுடக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

இப்ப கணக்குக்கு வர்றேன்.

2025 தை மாசம் ஆர்டர் வந்துச்சு. வீடு 360 சதுர அடி இருக்கணும், அதுல 300 அடி கான்கிரீட் தளம், மீதி 60 அடிக்கு நம்ம இஷ்டத்துக்கு வேற கூரை போட்டுக்கலாம் ஆனா ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. தொகை 3.10 லட்சம், அதோட நூறு நாள் வேலைல 90 நாள் சம்பளம், கக்கூசுக்கு 12,000, எல்லாம் சேத்து 3.50 லட்சம்னு கணக்கு. நாள் சம்பளம் 336 ரூபா ஆனதால எங்களுக்கு 30,240 வந்துச்சு. ஆக மொத்தம் கைக்கு வந்தது 3,52,240. சிமெண்டும் கம்பியும் திட்டத்துலயே குடுத்துட்டு இந்த பணத்துல கழிச்சுக்கிட்டாங்க, அது நல்ல ஏற்பாடு, அத அப்பறம் சொல்றேன்.

செலவானது 5,58,400.

இடைல இருக்கற 2,06,160 எங்கேருந்து வந்துச்சுன்னா, என்னோட ரெண்டு பவுன் செயின் அடகுல 1,05,000, மகளிர் குழுவுல 60,000, மீதிய என் வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனில அட்வான்ஸ் கேட்டு அனுப்புனாரு. இத படிக்கிற நீங்க "அவங்க வசதிக்கு பெருசா கட்டிருப்பாங்க"ன்னு நெனைக்கலாம், அதுக்குத்தான் சொல்றேன், ஒரு அடி கூட பெருசா கட்டல. தரைக்கு டைல்ஸ் இல்ல, சிமெண்ட் தரைதான். வெளிப்பக்கம் இன்னும் பெயிண்ட் அடிக்கல. ஜன்னலுக்கு கதவு ரெண்டு பக்கம்தான் போட்டிருக்கு, மூணாவது ஜன்னலுக்கு சாக்கு கட்டியிருக்கோம்.

அப்பறம் எங்க போச்சு பணம்? நோட்டோட மொத மூணு பக்கத்துலயே பாதி பதில் இருக்கு. எங்க மண்ணு களிமண்ணு. மழைல ஊறி உப்பும், சித்திரைல வெடிக்கும், வெடிப்புல கைய விட்டா முழங்கை வரைக்கும் போவும். மேஸ்திரி அண்ணன் கடப்பாறைய குத்தி பாத்துட்டு "இதுல ரெண்டடி தோண்டி செவுரு வச்சா மூணாம் வருஷம் மூலைல பொளக்கும் தங்கச்சி, அஞ்சடி எறங்கி பில்லர் போட்டு கீழ பெல்ட் கட்டணும்"னு சொல்லிட்டாரு. அத்தையோட தங்கச்சி மவ புதுக்கோட்டை பக்கம் வாக்கப்பட்டிருக்கா, அவளுக்கும் இதே திட்டம், அங்க ரெண்டடில சரளை வந்துடுச்சாம், அதுமேலயே கட்டிட்டாங்க. அவளுக்கும் எங்களுக்கும் அஸ்திவாரத்துல மட்டும் 38,000 வித்தியாசம். அதோட எங்க மனை ரோட்ட விட மூணடி பள்ளம், ஏன்னா ரோட்ட ஒவ்வொரு தடவையும் பழசு மேலயே போட்டு போட்டு ஒசத்திட்டாங்க, வீடெல்லாம் கீழ போயிடுச்சு, அதனால சவுடு மண்ணு 12 டிராக்டர் அடிச்சு நெரவுனோம். அது 21,600.

அடுத்து ஜல்லி, எம்-சாண்ட், அதாவது பாறைய ஒடச்சு செய்யற மணலு. டெல்டாவுல பாறை கிடையாது, இது உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஒரு கைப்பிடி ஜல்லி வேணும்னாலும் புதுக்கோட்டைலேருந்தோ திருச்சி, பெரம்பலூர் பக்கத்துலேருந்தோதான் வரணும். நாங்க பேஸ்மட்டம் போட ஆரம்பிச்ச நேரம் பாத்து 2025 ஏப்ரல்ல கனிம நிலத்துக்கு புது வரி வந்துச்சு, வெலை ஏறுச்சு, கிரஷர்காரங்க ஸ்டிரைக்கு போனாங்க, லோடே வரல, கொத்தனாரு வேற ஊரு வேலைக்கு போயிட்டாரு. அப்பறம் அரசு கூப்ட்டு பேசி யூனிட்டுக்கு, அதாவது நூறு கன அடிக்கு, 1,000 ரூபா கொறைக்கறதா முடிவாச்சு. அது நல்ல விஷயம்தான், ஆனா எங்க ஊருக்கு வந்து எறங்குற வெலைல பாதி லாரி வாடகையும் டீசலும், அது கொறையல. புதுக்கோட்டை தங்கச்சி வாங்குன வெலைக்கும் நாங்க வாங்குன வெலைக்கும் யூனிட்டுக்கு 1,800 வித்தியாசம். எல்லா சைஸும் சேத்து 12 யூனிட் வாங்குனோம். 21,600. சவுடு மண்ணுக்கும் இதுக்கும் ஒரே தொகையா வந்ததால நானே தப்பா எழுதிட்டனோன்னு ரெண்டு தடவ கூட்டி பாத்தேன்.

(ஆத்து மணல் அள்ள விடுங்கன்னு சில பேரு சொல்றாங்க, நான் அத கேக்கல. ஏற்கனவே எங்க பக்கம் போர் தண்ணி உப்பு கரிக்குது, ஆத்தையும் தோண்டிட்டா குடிக்கவும் தண்ணி இருக்காது.)

இந்த எடத்துலதான் நான் இந்த மடலையே எழுத காரணமான விஷயம் வருது. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அங்கன்வாடி கட்டடம் எழும்பிக்கிட்டு இருந்துச்சு, என் கொழுந்தனாரு அந்த கான்ட்ராக்டர்கிட்ட சைட் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரு கைல எஸ்டிமேட் காயிதம் இருந்துச்சு, நான் சும்மா வாங்கி பொரட்டுனேன். அதுல ஒரு பக்கத்துல ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், சிமெண்ட், கம்பின்னு ஒவ்வொண்ணா போட்டு எந்த எடத்துலேருந்து வருது, எத்தன கிலோமீட்டரு, அதுக்கு வண்டி கூலி எவ்ளோன்னு வரிசையா இருந்துச்சு. இது என்ன தம்பின்னு கேட்டேன். "இதான் அண்ணி லீடு. கவர்மெண்ட் எஸ்டிமேட் எல்லாத்துலயும் இது போடுவாங்க, குவாரி தூரமா இருந்தா தூரத்துக்கு ஏத்த மாதிரி காசு ஏறும், ஷெட்யூல் ரேட்டு, அதான் அரசு போடுற வெலைப் பட்டியல், அத வருஷா வருஷம் மாத்துவாங்க"ன்னாரு.

நான் கைல இருந்த சோத்த அப்படியே வச்சுட்டு உக்காந்துட்டேன். அதே ஊரு, அதே ரோடு, அதே லாரி, ஒரே குவாரிலேருந்து வர்ற அதே ஜல்லி. அங்கன்வாடிக்கு வந்தா நூறு கிலோமீட்டருக்கு கூலி உண்டு, குடிசைல இருக்கற எங்க அத்தை வீட்டுக்கு வந்தா அந்த கூலி கிடையாது, புதுக்கோட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் ஒரே 3.50 லட்சம். கான்ட்ராக்டருக்கு குடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, குடுக்கலன்னா அவரு கட்ட மாட்டாரு, கட்டுனாலும் சிமெண்ட கொறச்சு கட்டுவாரு. அதே நியாயம்தானே எங்களுக்கும்? தூரத்துக்கு காசு போடுற வழி உங்க துறைகள்லயே இருக்கு, அத போடுற இன்ஜினியருங்க இருக்காங்க, புத்தகமும் இருக்கு. புதுசா எதுவும் கண்டுபுடிக்க வேணாம். ஒன்றியம் ஒன்றியமா அந்த லீட எடுத்து வீட்டுத் தொகையோட சேருங்க, களிமண்ணு இருக்கற எடத்துக்கு அஸ்திவாரத்துக்குன்னு தனியா ஒரு தொகை வைங்க. எங்க கணக்குல ரெண்டும் சேந்து 59,600தான். ஆனா அந்த 59,600 இருந்திருந்தா மகளிர் குழுல கடனே வாங்கிருக்க மாட்டேன்.

எடத்துக்கு எடம் வேற தொகை குடுக்கறது சரிவராதுன்னு நீங்க சொல்ல முடியாது, ஏன்னா ஏற்கனவே குடுக்கறாங்க. பிரதமர் வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப் பகுதிக்கு 1.30 லட்சம். கேரளாவுல லைஃப் மிஷன்னு அவங்க வீட்டுத் திட்டத்துல பொதுவா 4 லட்சம், உள்ளடங்குன பழங்குடி ஊருக்கு 6 லட்சம் வரைக்கும். மலைக்கு சாமான் ஏத்தறது கஷ்டம்னு ஒத்துக்கிட்டாங்கல்ல, பாறையே இல்லாத எடத்துக்கு பாறைய தூளாக்கி கொண்டாறதும் அந்த மாதிரிதான்.

தொகைய மாத்தாம வருஷக்கணக்கா வச்சா என்ன ஆவும்னு நாங்க கண்ணால பாத்தோம். மத்திய அரசோட அந்த 1.20 லட்சம் 2016ல போட்டது, அப்படியே நிக்குது. அதுல தளம் போட முடியாதுன்னுதான் தமிழ்நாடு அரசு தளத்துக்குன்னு தனியா பணம் குடுத்துச்சு, மொதல்ல 50,000, அது பத்தாம அப்பறம் 1.20 லட்சமா ஒசத்துனாங்க, அந்த ஒசத்துன தொகை வர்றதுக்கு முன்னாடி ஆர்டர் வாங்குனவங்க நெறய பேரு செவுரோட நிறுத்திட்டாங்க, எங்க ஊர் மாரியம்மன் கோயில் தெருவுல இன்னமும் லிண்டல் மட்டத்துல, அதாவது ஜன்னல் மட்டத்துல, ரெண்டு வீடு நிக்குது, உள்ள வேலிக்கருவ மொளச்சிருக்கு. அதுக்கு முன்னாடி 2011ல பசுமை வீடு வந்தப்ப 300 சதுர அடிக்கு சோலார் வெளக்கோட சேத்து 1.80 லட்சம். ஒவ்வொரு தடவையும் தொகை ஏறுது, ஆனா எப்ப ஏறுதுன்னா நெறய வீடு நின்னு போனதுக்கு அப்பறம்தான் ஏறுது. 3.50 லட்சம்ங்கறது 2024 பட்ஜெட்ல சொன்னது. ஷெட்யூல் ரேட்ட வருஷா வருஷம் மாத்துறப்பவே இதையும் மாத்திட்டா இந்த நெலைமை வராதுல்ல.

அடுத்த விஷயம் இதவிட பெருசு, எனக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல, நேராவே சொல்லிடுறேன். பணம் பின்னாடி வருது.

பேஸ்மட்டம் முடிச்சாத்தான் மொத பில்லு. அப்பறம் ஜன்னல் மட்டம், அப்பறம் தளம், அப்பறம் முடிஞ்சதுக்கு அப்பறம். காச வாங்கிட்டு கட்டாம விட்டுடுவாங்கன்னு பயம் உங்களுக்கு, அது புரியுது, அப்படி விட்டவங்களும் இருக்காங்க. ஆனா இந்த ஆர்டரு யாருக்கு வருது? குடிசைல இருக்கறவங்களுக்கு. எங்களுக்கு பேஸ்மட்டம் முடியற வரைக்கும் 1,14,000 ஆயிடுச்சு, ஒரு ரூபா கூட அது வரைக்கும் வரல. குடிசைல இருக்கற யாருகிட்ட 1,14,000 கைல இருக்கும்? இருந்தா ஏன் குடிசைல இருக்காங்க? எனக்கு எங்க அப்பா போட்ட செயின் இருந்துச்சு, தப்பிச்சோம். செயின் இல்லாதவங்க கந்து வட்டிக்கு வாங்குறாங்க, வாங்குன நாள்லேருந்து பில்லு ஏறுற நாள் வரைக்கும் வட்டி ஓடுது, அந்த வட்டி உங்க எந்த எஸ்டிமேட்லயும் இல்ல. நூறு நாள் சம்பளமும் அந்த சமயத்துல மத்திய அரசுலேருந்து நிலுவைன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சுல்ல, ஆத்திர அவசரத்துக்கு அதுவும் ஒதவல.

இன்னொண்ணு. பழைய குடிசைய பிரிச்சாத்தான் அதே எடத்துல அஸ்திவாரத்துக்கு பள்ளம் தோண்ட முடியும். பிரிச்ச நாள்லேருந்து ஏழு மாசம் அத்தையும் நானும் ரெண்டு புள்ளைங்களும் மாட்டுக் கொட்டாய்லதான் இருந்தோம், ஒரு பக்கம் மாடு, நடுவுல பழைய சேலைய கட்டி இந்த பக்கம் நாங்க. பெரியவ பத்தாவது பரீட்சைக்கு அங்க உக்காந்துதான் படிச்சா. பில்லு ஒரு வாரம் தள்ளிப்போனா ஆபீஸ்ல அது ஒரு வாரம்தான், எங்களுக்கு மாட்டு மூத்திர வாடைல இன்னும் ஏழு ராத்திரி.

பிரதமர் வீட்டுத் திட்ட விதிமுறைல சாங்ஷன் ஆனதும் மொத தவணை குடுக்கணும்னு எழுதியிருக்கு. கனவு இல்லத்துக்கும் அப்படி வைங்க. எல்லாத்தையும் முன்னாடி குடுங்கன்னு கேக்கல, பேஸ்மட்டத்துக்கு ஆவுற காச மட்டும் முன்னாடி குடுங்க. ஏமாத்திடுவாங்கன்னு பயமா இருந்தா காசா குடுக்காதீங்க, ஜல்லியா எம்-சாண்டா எறக்குங்க. சிமெண்டும் கம்பியும் அப்படித்தானே குடுக்கறீங்க, அது நல்லாத்தானே நடக்குது. எங்களுக்கு சிமெண்ட் மூட்டை வெலை ஏறி எறங்குன கவலையே இல்ல, கடைல வாங்குனவங்க ஏப்ரல் மே மாசத்துல பட்ட பாட்ட பாத்தேன். அரியலூர்ல அரசு சிமெண்ட் ஆலை வச்சிருக்கீங்க, அம்மா சிமெண்ட்னு 190 ரூபாய்க்கு மூட்டை குடுத்த காலமும் இருந்துச்சு, அப்பறம் வலிமை சிமெண்ட் வந்துச்சு, ஆட்சி மாறுனாலும் சிமெண்ட் வெலைய கட்டுப்படுத்தணும்ங்கறது மாறல. இப்ப வீட்டு செலவ தூக்கறது சிமெண்ட் மட்டும் இல்ல, ஜல்லியும் கூலியும்தான். ஒரு ஒன்றியத்துல நூறு வீடு, எரநூறு வீடு ஒரே சமயத்துல கட்டுறாங்க, ஒவ்வொருத்தரும் தனித்தனியா ரெண்டு யூனிட்டு மூணு யூனிட்டுன்னு லாரிக்காரர்கிட்ட கெஞ்சி வாங்குறோம், நீங்க மொத்தமா வாங்கி எறக்குனா வண்டி கூலியே பாதியா கொறையும். 2025 செப்டம்பர் 22லேருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா கொறஞ்சுது, எங்க வீட்டுல அதுக்குள்ள பூச்சு வேலையே முடிஞ்சு போச்சு, பரவால்ல, அடுத்து கட்டுறவங்களுக்காவது அந்த கொறஞ்ச வெலை போய் சேரட்டும், அத சாக்கா வச்சு தொகைய ஏத்தாம விட்டுடாதீங்க.

கூலிய பத்தி ஒரு வார்த்தை. கொத்தனாரு கூலி அதிகமாயிடுச்சுன்னு சில பேரு பேசுறாங்க. தளம் போட்ட அன்னிக்கு பதினாலு பேரு வேலை பாத்தாங்க, ஆடி மாசம், காலைல ஆறு மணிக்கு மிக்சர் மெஷின் ஓட ஆரம்பிச்சுது, பதினோரு மணிக்கு மேக்கால மேகம் கட்டிடுச்சு. மேஸ்திரி அண்ணன் அண்ணாந்து பாத்துட்டு "நிறுத்துனா ஜாயிண்ட் விழும், ஜாயிண்ட் விழுந்தா ஒழுவும், யாரும் எறங்காதீங்க"ன்னு ஒரு சத்தம் போட்டாரு, அந்த சித்தாளு அக்காங்க ஒருத்தரும் டீ குடிக்க கூட எறங்கல, மூணு மணிக்கு கடைசி சட்டி ஊத்தி மட்டம் தட்டுன பத்து நிமிஷத்துல தூத்தல் விழுந்துச்சு, தார்ப்பாய இழுத்து போட்டு அந்த தார்ப்பாய்க்கு அடிலயே எல்லாரும் உக்காந்து கறி சோறு சாப்ட்டோம். அந்த அக்காங்களுக்கு அன்னிக்கு 600 ரூபா. அவங்கள்ல நாலு பேரு இன்னும் கீத்து கொட்டாய்லதான் இருக்காங்க. செலவ கொறைக்கணும்னா அவங்க கூலில கை வைக்காதீங்க.

பட்டா இல்லாதவங்க கதைய நான் இதுல எழுதல, அது தனியா எழுத வேண்டிய விஷயம், வாய்க்கா பொறம்போக்குலயும் கோயில் எடத்துலயும் இருக்கறவங்களுக்கு பட்டா இல்லன்னு ஆர்டரே வராது.

ஆர்டர் வந்தும் கட்ட முடியாத ஒருத்தர மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கறேன். எங்க தெருவுல கடைசி குடிசைல ஒரு அக்கா, வீட்டுக்காரரு இல்ல, ஒரு பையன் ஒம்போதாவது படிக்கிறான். நடவுக்கும் களை எடுக்கவும் போறவங்க. எங்களோட சேந்துதான் அவங்களுக்கும் ஆர்டர் வந்துச்சு. அந்த காயிதத்த ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்கு பின்னாடி வச்சிருக்காங்க. மனைல நாலு மூலைலயும் குச்சி நட்டு கயிறு கட்டி மார்க் பண்ணுனதோட சரி, போன மழைல கயிறு இத்துப் போயி அத்தையோட பழைய சேலைய கிழிச்சு திரும்ப கட்டியிருக்காங்க. குடிசைய பிரிக்க பயம், பிரிச்சா பேஸ்மட்டம் வரைக்கும் காசு கிடையாது, பிரிக்கலன்னா வீட்ட வேற யாருக்காவது மாத்திடுவாங்களோன்னு அதுவும் பயம். தெனமும் என்கிட்ட வந்து "ஒன் நோட்ட ஒரு தடவ படிச்சு காமி, இதுல எத கொறைக்கலாம்"னு கேக்கறாங்க. நானும் ஒவ்வொரு வரியா படிக்கிறேன், கொறைக்கறதுக்கு ஒண்ணும் அகப்பட மாட்டேங்குது.

அடுத்த வருஷ தொகைய போடுறதுக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தராவது எங்க பக்கம் வாங்க. சித்திரைல வந்தா மண்ணு வெடிச்சு கெடக்கறது தெரியும், கார்த்திகைல வந்தா தண்ணி எங்க வரைக்கும் நிக்குதுன்னு தெரியும், எப்ப வந்தாலும் சரி. நோட்டு என்கிட்ட இருக்கு, லாரி ரசீது, கம்பி கடை பில்லு எல்லாம் அதுலயே பின் பண்ணி வச்சிருக்கேன், போட்டோ எடுத்துக்கங்க. அந்த அக்கா வீடு கடைசி, சேலைத் துணி கட்டுன குச்சி தெரியும்.

இப்படிக்கு
திருத்துறைப்பூண்டி பக்கத்துலேருந்து ஒரு பயனாளியோட மருமவ